பதினேழாம் எண் வீடு

பிப்ரவரி 9

தங்கைக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். எட்டு வருடம் இருந்துவிட்டேன். நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்ற போட்டியில் நான் தோற்றதாகவே வைத்துக்கொள். ஆனால் இது சமாதானக் கடிதம் அல்ல. உன்னிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

முதலில் என் கதையைச் சொல்கிறேன், உனக்குச் சந்தோஷமாக இருக்கும். இருபத்தாறு வருடம் வாசகர் கடிதப் பக்கத்தைப் பார்த்த உன் அண்ணனை, மூன்று மாதத்துக்கு முன் 'காலமானார்' விளம்பரப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கடிதப் பக்கத்தை இளமையாக்க வேண்டுமாம். இப்போது செத்தவர்களின் வயதைச் சரிபார்க்கிறேன். ஒரு வசதி, இவர்கள் யாரும் மறுப்புக் கடிதம் எழுதுவதில்லை.

மாற்றிய அன்று ஆபீசில் ஒருவர்கூட என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கத்தின் அருமை தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் என்று தோன்றியது. அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மூன்று வருடத்தில் பதினோரு கடிதம் எழுதினார், பதினொன்றையும் போட்டேன். "மற்றவர்கள் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள், நான் உங்கள் பக்கத்திலிருந்து படிக்கிறேன்" என்று தொடங்குவார். என் பக்கத்துக்கு அப்படி ஒரு வாசகர் கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் சந்திப்புப் பதிவேட்டு மசோதா வந்ததே, நினைவிருக்கிறதா? அமைச்சரோ உறுப்பினரோ எந்தக் கம்பெனிக்காரரை, எந்தச் சங்கத்துக்காரரைச் சந்தித்தாலும், வந்தது யார், கேட்டது என்ன என்று மூன்று நாளுக்குள் பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும். சட்டம் இயற்றும் இடத்தின் பின்வாசலில் நிற்கும் செல்வாக்குத் தரகர்களுக்குப் போட்ட பூட்டு அது. நல்ல மசோதா என்றுதான் நானும் நினைத்தேன். என் மனதை மாற்றியவர் அந்த ஆசிரியர். குறை சொல்லப் போகும் சாதாரண மனிதன் பதிவேட்டைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடுவான் என்று எழுதினார். கட்டம் கட்டிப் போட்டேன். தொடர்ந்து அதே கருத்தில் விவசாயி, இல்லத்தரசி, பஸ் ஓட்டுநர் என்று பலர் எழுதினார்கள். எல்லாவற்றையும் போட்டேன். மசோதா கிடப்பில் போனது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஆசிரியரை நேரில் பார்க்கலாம் என்று கிளம்பினேன். முகவரி மனப்பாடம். எண் பதினேழு. தெருவில் நடந்தேன். பதினான்கு, பதினைந்து, பதினாறு. அதோடு சுவர். சுவருக்கு முன்னால் கம்பி வேலிக்குள் ஒரு மின்மாற்றி. பதினாறாம் வீட்டு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"பதினேழா? பதினாறோட தெரு முடிஞ்சு போச்சு சார். நாங்க வந்து இருபது வருஷமாச்சு, இங்க பதினேழே கிடையாது."

"ஒரு வாத்தியார் இருக்கணுமே. ரிட்டயர் ஆனவர்."

"இது ஒண்ணுதான் இருக்கு" என்று மின்மாற்றியைக் காட்டினார். "சத்தம் போடும், வாத்தியார் மாதிரிதான். கிட்ட மட்டும் போயிடாதீங்க."

திங்கட்கிழமை ஆபீஸ் இரும்பு அலமாரியைத் திறந்தேன். அச்சான கடிதங்களின் மூலத்தை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. மசோதாவை எதிர்த்து வந்தவை நாற்பத்தொன்று. நாலு நாளில் ஒன்பது முகவரிகளுக்கு நடந்தே போனேன். ஒன்பது தெருவும் உண்மை. ஒன்பது எண்ணும் பொய். ஒவ்வொன்றும் தெருவின் கடைசி வீட்டுக்கு அடுத்த எண்.

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். ஏனென்று உனக்குத் தெரியும்.

நாம் வளர்ந்த வீடும் அதன் தெருவில் கடைசி வீடுதான். எண் பதினாறு. பதினேழாம் வீட்டைக் கட்டியவள் நீ, உனக்கு அப்போது ஆறு வயது. அதில் ஒரு வாத்தியாரையும் குடிவைத்தாய். டம்ளர் உடைந்தால் உடைத்தவர் அவர். அப்பாவின் பேனா காணாமல் போனால் எடுத்தவர் அவர். இந்த விளையாட்டு தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் நான்.

நீ ஏதோ 'பொதுக்கருத்து ஆலோசனை நிலையம்' என்ற இடத்தில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்போது அது என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் இல்லை என்று ஒரு வரி எழுது. நம்பத் தயாராக இருக்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 14

அண்ணாவுக்கு,

எட்டு வருடம் கழித்து வந்த கடிதத்தில், என் கணவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பக்கவாதத்தில் போன இடது கை, இடது கால் இன்னும் வரவில்லை. பேச்சு பாதி வந்திருக்கிறது. உங்கள் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும், "உங்கண்ணனா? யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார். படித்துவிட்டு, "யாரும் சாகல, ஆனா இப்ப அவர் அந்த டிபார்ட்மென்ட்லதான் இருக்காராம்" என்றேன். சிரித்தார். அவர் சிரித்தால் வாய் ஒரு பக்கம்தான் போகும். அது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வந்து பார்க்கவில்லையே.

எட்டு வருடத்துக்கு முன் அவர் விழுந்த மாதம் உங்கள் பேப்பரில் உதவி ஆசிரியர் இடம் ஒன்று காலியாக இருந்தது. விண்ணப்பித்தேன். உங்கள் பத்திரிகை ஆசிரியர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டார். தங்கை என்பதால் சிபாரிசு செய்யமாட்டேன் என்றீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்றைக்கும் உங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருப்பேன். "தங்கைங்கிறதாலயே வேண்டாம்" என்றும் சொன்னீர்கள். அறைக்கு வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது.

அதற்கு முந்தைய மாதம் நான் அனுப்பிய கட்டுரைக்கு அச்சடித்த சீட்டு வந்தது. பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். கீழே உங்கள் முழுப் பெயர், பதவி, கையெழுத்து. அண்ணன் என்று ஓர் எழுத்து இல்லை.

இப்போது உங்கள் கேள்வி. நான் இல்லை என்று ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். எழுதமாட்டேன். இவ்வளவு படித்த மனிதர், ஒரு மின்மாற்றியிடம் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, என்ன செய்ய.

கோபப்படுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மசோதாவை ஒத்திவைக்கச் சொன்ன சட்டமன்றக் குழுவின் அறிக்கையை எடுங்கள். முதல் பக்கம், பொதுமக்கள் கருத்து. உங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியரின் கடிதத்திலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். "ஏழை ஒருவன் தன் பிரதிநிதியின் வாசலில் போய் நிற்பதற்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டுமா?" சபையில் ஏழு பேர் அந்த வரியைத்தான் எழுந்து நின்று படித்தார்கள். மசோதாவைச் சாய்த்தது அந்த வரி.

இப்போது அலமாரியைத் திறந்து மூலக் கடிதத்தைப் பாருங்கள். அந்த வரியை நான் எழுதவில்லை.

தங்கை


பிப்ரவரி 17

தங்கைக்கு,

பார்த்தேன்.

நீல மசியில் கடிதம். கடைசிப் பத்தியில் இரண்டு வரிகளுக்கு நடுவே சிவப்பு மசி. என் கையெழுத்து. வாதம் அந்த இடத்தில் தொய்ந்து கிடந்தது, அதனால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சேர்த்த அன்று மத்தியானம் எனக்கு நல்ல பசி எடுத்தது கூட நினைவிருக்கிறது. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். தலையைத் தூக்கினால் எதிரே சுவரில் காலண்டர் ஆடுகிறது. இருபத்தாறு வருடத்தில் நான் சொந்தமாக எழுதி அச்சான ஒரே வரி சபை வரைக்கும் போயிருக்கிறது. போய் என்ன செய்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

நேரே எங்கள் பத்திரிகை ஆசிரியர் அறைக்குப் போனேன். சாத்தாத கதவு இன்றும் சாத்துவதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே மேஜை மேல் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார்.

"சரிய்யா. அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நாளைக்கு முதல் பக்கத்துல போடணும் சார். நாப்பத்தோரு கடிதமும் பொய்னு."

"நாப்பத்தோரு பொய்யை அச்சடிச்சோம்னு நாமளே தமுக்கடிக்கணுமா? நாளைக்கு எவன் நம்மகிட்ட கடிதம் போடுவான்? எவன் பேப்பர் வாங்குவான்?"

"மசோதா மறுபடி வருது சார். மார்ச் பன்னிரண்டு ஓட்டெடுப்பு. அதே அறிக்கையைத் திரும்ப அச்சடிச்சிருக்காங்க. நாப்பத்தோரு கடிதத்தையும் பெயர், முகவரியோட பின்னிணைப்பாப் போட்டு, மக்கள் எதிர்க்கிறாங்கன்னு காட்டறாங்க."

"நீங்க காலமானார் பக்கத்துல இருக்கீங்க. இருங்க. பேப்பரையும் அந்தப் பக்கத்துல சேத்துடாதீங்க."

இதுதான் நான் இருபத்தாறு வருடம் உழைத்த இடம். என்னை ஏன் மாற்றினார்கள் என்று இப்போது சந்தேகம்கூட வருகிறது. வராமலிருந்தால் நன்றாக இருக்கும்.

முடிவு செய்துவிட்டேன். சுருட்டையின் பேப்பரில் எழுதப்போகிறேன். சுருட்டையை உனக்குத் தெரியும். என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, தலைப்பு வைக்கத் தெரியாமல் என்னிடம் திட்டு வாங்கியவன். சொல்லாமல் கொள்ளாமல் வேறு பேப்பருக்குப் போய், இன்று அங்கே ஆசிரியர். அவனை எனக்குப் பிடிக்காது. ஆனால் இந்தத் தரகர்களைப் பற்றி ஆறு மாதமாக எழுதிக்கொண்டிருப்பவன் அவன் ஒருவன்தான். ஆதாரம் இல்லை என்று இரண்டு முறை மறுப்பு போட வைத்தார்கள். அவனுக்கு நான் கொடுக்கிறேன் ஆதாரம். ஒரே நிபந்தனை. என் பெயரில் வரவேண்டும், முதல் பக்கத்தில்.

கடிதப் பக்கத்தில் ஊரில் இருக்கிற எல்லார் பெயரும் வரும். பார்த்தவன் பெயர் மட்டும் வராது. ஒரு முறையாவது வரட்டும்.

உன்னைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று நீயே சொல். ஏன் செய்தாய் என்றும் சொல்.

மாப்பிள்ளைக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

அண்ணன்


பிப்ரவரி 21

அண்ணாவுக்கு,

மாப்பிள்ளைக்கு உடம்பு அப்படியேதான் இருக்கிறது. கேட்டதற்கு நன்றி. நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். "எழுதறதுக்கு மறந்து போய் கடைசியில சேர்த்திருக்காரு பாரு, அந்த வரி மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றார். அவர் கண் நன்றாக இருக்கிறது.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். எங்கள் ஆபீஸ் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஆறு மேஜை. திங்கட்கிழமை காலை ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு தாள் வரும். இந்த வாரம் எந்த விஷயம், எந்தப் பேப்பருக்கு எத்தனை கடிதம், எழுதுகிறவர் யாராக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். விவசாயி இரண்டு, இல்லத்தரசி மூன்று, இப்படி. நான் எழுதிக் கொடுப்பேன். படி எடுப்பவர்கள் வேறு. ஒருவர் சாய்த்து எழுதுவார், ஒருவர் குண்டு குண்டாக எழுதுவார், ஒருவர் நடுங்கும் கையில் எழுதுவார், அவருக்கு முப்பது வயதுதான். தபாலில் போடுபவர் இன்னொருவர், வாரம் ஒரு தபாலாபீஸ். முதல் வாரம் எனக்கு வாந்தி வந்தது. இரண்டாம் வாரம் வரவில்லை.

முகவரி போடுவது என் பொறுப்பு. உண்மையான வீட்டு எண்ணைப் போட்டால் அங்கே இருப்பவர் கிளம்பி வந்துவிடுவார். அதனால் பதினேழாம் வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த காலி வீடு அது ஒன்றுதான்.

நாற்பது கடிதம் வேலை. வாத்தியார் மட்டும் வேலை இல்லை. பதினொன்றில் பத்துக் கடிதம் யாரும் கேட்காமல், எழுத்தை மாற்றி நான் எழுதியவை. மழை நீர், நூலகத்தில் வெளிச்சம், பஸ்ஸில் முதியவர் இருக்கை. நினைவிருக்கிறதா? காலையில் பேப்பர் வந்ததும் அவர் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். "போட்டுட்டாரா உங்கண்ணன்?" என்பார். போட்டுவிட்டார் என்பேன். என் பெயரில் எழுதினால் சீட்டு வரும். வாத்தியார் பெயரில் எழுதினால் கட்டம் கட்டி வரும். உங்களுக்கு எட்டு வருடமாக நான் எழுதவில்லை என்று யார் சொன்னது?

பதினோராவது கடிதத்தை ஆபீஸ் கேட்டது. உங்களுக்குப் பிடித்த கை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கொடுத்தேன்.

மசோதா கிடப்பில் போன ஐந்தாம் மாதம் கட்டட விதி ஒன்று சத்தமில்லாமல் மாறியது. குடியிருப்புகளுக்கு இரண்டாவது படிக்கட்டு கட்டாயம் இல்லை. யார் யாரைச் சந்தித்து மாற்றினார்கள் என்று கேட்க வழியில்லை, பதிவேடுதான் இல்லையே. மாற்றக் கேட்டது கட்டட நிறுவனங்களின் கூட்டமைப்பு. எங்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னதும் அதே கூட்டமைப்புதான். நாங்கள் இருக்கும் வீடு ஆபீஸ் கொடுத்தது, நாலாவது மாடி. விதி மாறிய அடுத்த மாதம் பின்பக்கப் படிக்கட்டை அடைத்துச் சாமான் அறை ஆக்கிவிட்டார்கள். இப்போது இருப்பது ஒரே படி. ஒரு நாள் கீழ்வீட்டில் எண்ணெய் புகைந்து முன்படியெல்லாம் புகை. அவரைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு வழி தெரியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்தான் என் தலையைத் தடவிக் கொடுத்தார், வலது கையால். புகை தானாக அடங்கியது.

அந்த வாரம் உங்களுக்கு ஒரு கார்டு போட்டேன். "உங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. முகவரிக்குப் போய்ப் பாருங்கள்." கையெழுத்துப் போடவில்லை. போட முடியாது. எழுத்தை மாற்றித்தான் எழுதினேன்.

அந்தக் கார்டை என்ன செய்தீர்கள்?

உங்கள் பெயரில் எழுதுவது பற்றி. எழுதுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நான் உங்கள் தங்கை என்று ஆபீசுக்குத் தெரியும். உங்கள் பெயர் காலையில் வந்தால் சாயங்காலம் எங்கள் சாமான் தெருவில் இருக்கும், என் மேல் வழக்கும் இருக்கும். பெயர் இல்லாமல் வந்தால் சந்தேகப்படுவார்கள். சந்தேகத்துக்கு ஆறு மேஜை இருக்கிறது.

தங்கை


பிப்ரவரி 25

தங்கைக்கு,

கார்டு வந்தது. நன்றாக நினைவிருக்கிறது.

டீ நேரத்தில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். "பாருங்கய்யா, நல்லா எழுதற ஒரு மனுஷனைப் பார்த்து எவனுக்கோ வயிறு எரியுது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன். என் மேஜைக்கு மேலே என் கையாலேயே எழுதி ஒட்டிய தாள் ஒன்று இருந்தது: பெயரும் முகவரியும் இல்லாத கடிதம் படிக்கப்படாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடம் அது. சுருட்டைக்கும் அதைத்தான் சொல்லித்தந்தேன்.

ஆக, பெயரும் முகவரியும் உள்ள நாற்பத்தொரு பொய்யை அச்சில் ஏற்றினேன். பெயர் இல்லாத ஒரு உண்மையை நாலாகக் கிழித்தேன். அந்த நாலு துண்டும் உன்னுடையவை.

ஆனாலும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பவேண்டும். பெயரில்லாமல் அனுப்பினால் சுருட்டை என்ன செய்வான்? நாலாகக் கிழிப்பான். பாடம் சொன்னதே நான்தானே. இன்னொன்று. வீடுகள் இல்லை என்று மட்டும் காட்டினால், யாரோ விஷமிகள் என்று கூட்டமைப்பு கையைக் கழுவிவிடும். எழுதச் சொன்னது அவர்கள்தான் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட என்னிடம் இல்லை. காகிதம் இல்லாத இடத்தில் ஒரு மனிதனின் பெயராவது இருக்க வேண்டாமா?

நீ சொல்வதும் புரிகிறது. நாலாவது மாடி கண்ணிலேயே நிற்கிறது. இரண்டு நாளாக ஆபீசில் படிக்கட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டெடுப்புக்குப் பதினைந்து நாள் இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 1

அண்ணா,

காகிதம் இத்துடன் இருக்கிறது.

பதினோராவது கடிதம் எழுதச் சொன்ன வாரத்துத் தாள். மேலே எங்கள் நிலையத்தின் பெயர். ஓரத்தில் கூட்டமைப்பின் முத்திரையும் "சரி, அனுப்பவும்" என்ற குறிப்பும். தேதியைப் பாருங்கள், கடிதங்கள் அச்சாவதற்கு ஒன்பது நாள் முன்பு. இதே தாள் ஆறு மேஜைக்கும் வந்தது, அதனால் இது யார் மேஜையிலிருந்து போனது என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு வருடம் மாவு டப்பாவுக்கு அடியில் விரித்து வைத்திருந்தேன். எதற்கு வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. எறியவும் மனம் வரவில்லை.

படிக்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏழாவது வரி உங்களைப் பற்றியது. அதை எழுதிக் கொடுத்தவள் நான்.

என்னை வேலைக்கு எடுத்த அன்று இரண்டே கேள்விதான் கேட்டார்கள். "உங்க அண்ணன் அந்தப் பேப்பர்லதானே இருக்காரு?" ஆமாம் என்றேன். "எப்படிப்பட்டவரு?" அப்போது உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நன்றாக எழுதிக் கொடுத்தேன். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன என்னை, உங்களுக்காகவே எடுத்துக்கொண்டார்கள்.

தாளை அனுப்பினால் அந்த வரியும் ஊருக்குத் தெரியும். வெட்டிவிட்டு அனுப்பினால், ஓட்டை போட்ட தாள் செல்லாது என்பார்கள். அதனால்தான் இதுவரை கொடுக்கத் தயங்கினேன். எனக்காகத் தயங்கியது பாதி. மீதி பாதி உங்களுக்காக.

நேற்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மாடி, வழக்கு, எல்லாம். அவருக்கு ஒரு வாக்கியம் சொல்ல நேரம் ஆகும். "அனுப்பிடு. ரெண்டாவது படி... எல்லாருக்கும் வேணும்" என்றார்.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். இருபத்தாறு வருடம் நீ எதற்குக் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். போட்டால் திட்டமாட்டேன்.

தங்கை


மார்ச் 4

தங்கைக்கு,

எட்டு வருடம் கழித்து 'நீ' என்று எழுதியிருக்கிறாய். அதை முதலில் பார்த்தேன். ஏழாவது வரியை அப்புறம்தான் படித்தேன்.

இங்கே ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன், என் கையால் எழுதினால் சூடு குறையுமா என்று: "கடிதப் பக்கப் பொறுப்பாளர்: நேர்மையானவர், பணம் செல்லாது. தனியாள். தன்னை யாரும் மதிப்பதில்லை என்ற எண்ணம் உண்டு. முதல் வரியில் அவர் பக்கத்தைப் புகழவும். கடைசிப் பத்தியில் ஓர் இடத்தைத் தொய்வாக விட்டுவைக்கவும். திருத்துவார். தான் திருத்திய கடிதத்தைக் கைவிடமாட்டார்."

நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் வரை போய் வந்தேன். திரும்ப உட்கார்ந்து படித்தேன். திரும்ப எழுந்தேன். அந்த வரியை நான் சேர்த்தேன் என்று போன மாதம் என்னை நானே திட்டிக்கொண்டேனே, அது கூட முழு உண்மை இல்லை. எனக்காக வெட்டி வைத்த பள்ளம், நான் போய் அழகாக விழுந்தேன். மசோதாவைச் சாய்க்கக் கூட்டமைப்பு விலைக்கு வாங்க வேண்டியிருந்தவர்களில் எனக்கு மட்டும் ஒரு பைசா செலவில்லை. ஒரு புகழ்ச்சி, ஒரு தொய்ந்த பத்தி.

ஒரு வார்த்தைகூட தவறில்லை, அதுதான் சுடுகிறது. என்னை இவ்வளவு சரியாக யாரும் எழுதியதில்லை. அன்றைக்கு உன்னை வேலைக்கு எடுத்திருந்தால் எங்கள் பேப்பர் பிழைத்திருக்கும்.

கத்தரிக்கோலை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எடுத்தேன். ஏழாவது வரியின் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டால் போதும். பிறகு இழுப்பறையில் வைத்து மூடிவிட்டேன். முழுத் தாளும் போகிறது.

சுருட்டைக்கு எழுதியதை உனக்குப் படி எடுத்து அனுப்புகிறேன். என் சிவப்பு மசி இதில் இல்லை, தொய்வு இருந்தால் பொறுத்துக்கொள்.

"ஆசிரியருக்கு. இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. தேதியையும் முத்திரையையும் பாருங்கள். பதிவேட்டு மசோதா பற்றிய குழு அறிக்கையின் பின்னிணைப்பில் நாற்பத்தொரு வாசகர்களின் முகவரி இருக்கிறது. நாற்பத்தொன்றுக்கும் ஆள் அனுப்புங்கள். எந்த எண்ணிலும் வீடு இருக்காது, தெரு அதற்கு முந்தைய எண்ணோடு முடிந்துவிடும். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் உள்ள வரியை எந்த வாசகரும் எழுதவில்லை. அந்தக் கடிதப் பக்கத்தைப் பார்த்தவர் சேர்த்தது. அச்சிடும் முன் அவர் ஒரு முகவரிக்கும் போய்ப் பார்க்கவில்லை. எச்சரித்து வந்த கார்டையும், பெயர் இல்லை என்று கிழித்தார். பெயரில்லாத கடிதத்தைப் படிக்காதே என்று உங்களுக்கு யாரோ சொல்லித் தந்திருப்பார்கள். அவர் சொன்னது தவறு. இதை எழுதியது யார் என்று கேட்காதீர்கள். கதவைத் தட்டுங்கள். பன்னிரண்டாம் தேதிக்கு முன்."

அவ்வளவுதான். படிக்கிறவன் அந்தப் பக்கத்தைப் பார்த்தவன் யார் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்வான். தெரியட்டும். தவறு செய்தவனாக என் பெயர் ஊருக்குத் தெரிவதில் உனக்கு ஆபத்தில்லை. கண்டுபிடித்தவனாகத் தெரிந்தால்தான் ஆபத்து. அது சுருட்டைக்குப் போகட்டும். முதல் பக்கம், அவன் பெயரில். இதை எழுதும்போது எரிகிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அவன் வைக்கப்போகும் தலைப்பு எப்படியும் எனக்குப் பிடிக்காது.

அவர்கள் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் ஒரு நாளும் யோசிக்காதே. என் வீட்டு முன்னறை காலியாக இருக்கிறது. தரைத்தளம், வாசலுக்கு இரண்டு படிதான். எண் ஒன்பது. இருக்கிற எண், வந்து பார்த்துக்கொள். மாப்பிள்ளையை நாலு மாடி இறக்க நானே வருகிறேன், ஒரு தோளாவது இன்னும் நன்றாக இருக்கிறது.

பேப்பர் வந்ததும் அவருக்குப் படித்துக் காட்டு. யார் போட்டது என்று கேட்டால், பதினேழாம் வீட்டு வாத்தியார் என்று சொல்.

உறையை ஒட்டும் முன் பேனாவைக் கீழே கொண்டுபோனேன். பழக்கம். என் பெயரின் முதல் எழுத்துக்கு முனை தாளைத் தொட்டது, ஒரு புள்ளி விழுந்தது. அதோடு எடுத்துவிட்டேன். தெருமுனைத் தபால் பெட்டியை மூன்று மணிக்குத் திறப்பார்கள், இப்போது இரண்டரை. இரண்டு உறையையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அவனுக்குப் போவதில் கையெழுத்து இல்லை. இதிலும் போடப்போவதில்லை. அன்று உன் கட்டுரையைத் திருப்பிய சீட்டில் நான் போட்டதே போதும்.